கல்லில் கட்டிய செடி

ஷரீஃபுதீன் சிங்கப்பூருக்குப் புறப்பட்ட காலையில் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனதெல்லாம் மீன்தொட்டியைப் பற்றித்தான்.

"காலையில ஒரு சிட்டிகை தீனி போடு. வாலாட்டிக்கிட்டு இன்னும் கேக்கும், போடாத."

"தண்ணி மாத்த வேணாமா மச்சான்?"

"நான் வந்து மாத்திக்கிறேன்."

"செடிக்கு?"

"செடிக்கு ஒண்ணும் வேணாம் புள்ள. கச்சாவ் பண்ணாம சும்மா விட்டாலே போதும். அது பாட்டுக்கு இருக்கும்."

மலாய்க்காரர்களோடு பழகிப் பழகி அவர் பேச்சில் இப்படிச் சில வார்த்தைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. கச்சாவ் என்றால் தொந்தரவு என்பதை நஜ்முன்னிசா வந்த வாரத்திலேயே தெரிந்துகொண்டாள்.

"வேற ஏதும் சொல்லணுமா?" என்று கேட்டாள்.

அவர் வாசலில் நின்று யோசித்தார். அரிசி இருந்தது. மண்ணெண்ணெய் இருந்தது. பின்கதவுத் தாழ்ப்பாளை முந்தின நாளே சரிபார்த்துவிட்டார். "வேற ஒண்ணும் இல்ல" என்று சொல்லி, ட்ரைஷாவில் ஏறி உட்கார்ந்தார். காஜா பேராங் சாலைத் திருப்பத்தில் வண்டி மறையும்வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாதென்று அல்ல. பின்னால் வாசலில் ஒருத்தி நிற்பது அவருக்கு இன்னும் பழக்கமாகவில்லை.

'வேற ஏதும்' என்று அவள் கேட்டது கப்பலைப் பற்றி.

ஐந்து மாதத்துக்கு முன்னால் அவளை அழைத்து வந்தபோது அவர் ஒரு பேச்சுச் சொல்லியிருந்தார். "மழை முடியிற வரைக்கும் இருந்து பாரு. ஊரு உனக்கு சுக்கான்னா இரு. பிடிக்கலன்னா அடுத்த கப்பல்ல போயிடலாம். கட்டாயம் ஒண்ணும் இல்ல." நல்ல மனசோடு சொன்னதுதான். மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மறுவருஷம் அது. வெளியூரிலிருந்து குடும்பத்தைக் கொண்டுவருவதெல்லாம் இனி லேசாக இருக்காது, கூட்டிவருகிறவர்கள் இப்போதே கூட்டி வந்துவிடுங்கள் என்று கடைத்தெருவில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவரும் கூட்டி வந்துவிட்டார். மழை முடிந்துவிட்டது. இப்போது திரும்பிப் போனால் மறுபடி வர முடியுமா என்பது யாருக்கும் தெரியாது. கப்பல் ஏஜெண்டு இரண்டு முறை ஆள் அனுப்பிக் கேட்டுவிட்டான். ஷரீஃபுதீன் இரண்டு முறையும், "சிங்கப்பூர் போயிட்டு வந்து சொல்றேன்" என்று அனுப்பிவிட்டார். அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. இரு என்றும் சொல்லவில்லை.

இருப்பதா, போவதா என்று அவள் யோசிக்காத நாள் இல்லை. ஆனால் அவளுக்கு வேண்டியிருந்தது ஊரைப் பற்றிய பதில் அல்ல. இந்த மனிதருக்குத் தான் வேண்டுமா என்று தெரிந்துகொண்டால் போதும். அதை எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். அதில் இருவரும் ஒரே கூரையின்கீழ் இருந்த நாட்களையெல்லாம் கூட்டினாலும் ஒரு வருஷம் தேறாது. அவர்கள் பக்கத்து வழக்கப்படி பெண் தன் உம்மா வீட்டிலேயே இருப்பாள். மாப்பிள்ளைதான் வந்து போவார். இவர் வந்தார், கப்பலேறினார். பிறகு இரண்டு முறை வந்தார். ஒவ்வொரு முறையும் புது மாப்பிள்ளை போலக் கூச்சத்தோடு வந்து, கூச்சம் தெளிகிற நேரத்தில் மறுபடி கப்பலேறினார். குழந்தை தங்கவில்லை. உம்மாவின் மவுத்துக்குப் பிறகு அந்த வீடு தங்கை ஆயிஷாவின் பிள்ளைகளால் நிறைந்துபோனது. அங்கே நஜ்முன்னிசா 'பெரியம்மா' என்ற பெயரில் ஒரு மூலையில் இருந்தாள். இங்கே மூலைகூடத் தேவைப்படாதபடி வீடு தானாகவே நடந்துகொண்டிருந்தது.

அதுதான் அவளைத் தின்றது. ஷரீஃபுதீன் விடிவதற்கு முன்பே எழுந்து, தன் கைலியைத் தானே அலசிக் காயப்போட்டு, தேநீர் ஆற்றி, சட்டைக்குக் கரிப்பெட்டி போட்டுத் தேய்த்துவிடுவார். பதினாறு வயதில் மலாக்கா வந்து, கைலிக்கடைப் பலகையில் படுத்து வளர்ந்தவர். ஒருநாள் அவள் முந்திக்கொண்டு சட்டையைத் தேய்த்து மடித்து வைத்தாள். அவர் "நல்லா இருக்கு" என்றார். பிறகு அவள் அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து, சத்தமில்லாமல் காலரை மட்டும் மறுபடி தேய்த்துக்கொண்டார். கோபப்பட்டிருந்தால்கூடப் பேசுவதற்கு ஒரு விஷயம் கிடைத்திருக்கும்.

சாயங்காலம் கடையிலிருந்து சைக்கிளில் வருவார். சாப்பிடுவார். சாப்பிட்டதும் பிரம்பு நாற்காலியை இழுத்து மீன்தொட்டியின் எதிரில் போட்டு உட்கார்ந்துவிடுவார். இரும்புச் சட்டமும் கண்ணாடியும் வைத்த தொட்டி. அடியில் ஆற்று மணல். லோங்காங் மீன் என்று இந்த ஊரில் சொல்லும், சாக்கடையோரத்தில் பிள்ளைகள் பிடிக்கிற பொடி மீன்கள் பத்துப் பன்னிரண்டு அதில் திரிந்தன. நடுவில் ஒரு கருங்கல். கல்லின் மேல் அந்தச் செடி. வேறு எதுவும் இல்லை. அவர் மீன்களோடு பேசவில்லை. ஒரு மணி நேரம் போனாலும் வாய் திறக்க மாட்டார். ஆனால் அங்கே உட்கார்ந்திருக்கும்போது அவர் முகத்தில் வருகிற சாவகாசம், அவளுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடும்போது வருவதில்லை. அவள் வெற்றிலை மடிக்கும் சாக்கில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

அக்கம்பக்கத்திலும் பேச ஆள் இல்லை. வந்த புதிதில் ஒருநாள் அந்தக் குறை தீர்ந்துவிட்டதென்றே நினைத்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் மல்லிகைப் பூப் பறித்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். நெற்றியில் பொட்டு. உள்ளேயிருந்து யாரோ "சீதா!" என்று கூப்பிட்டார்கள். தெருமுனைக் கோயிலில் மணி அடித்தது. நஜ்முன்னிசாவுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. வேலியைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீங்க இங்கதான் இருக்கீங்களா? நான் வந்து மூணு நாளாச்சு, ஒரு வார்த்தை தமிழ் கேக்கலையேன்னு தவிச்சுப்போயிட்டேன்" என்று மளமளவெனச் சொல்லிவிட்டாள்.

அந்தப் பெண் முகம் நிறையச் சிரித்தாள். பிறகு கையை விரித்து, "சயா தா தாவு தமிழ்" என்றாள். தனக்குத் தமிழ் தெரியாதாம்.

அன்று சாயங்காலம் ஷரீஃபுதீனிடம் சொன்னபோது அவர் அதிசயமாகச் சிரித்தார். "அவங்க மலாக்காச் செட்டிங்க புள்ள. வந்து எத்தனையோ தலைமுறை ஆச்சு. சாமி தமிழ்ச் சாமி, பேச்சு மலாய்ப் பேச்சு."

"அப்ப சாமிகிட்ட என்ன பாஷையில கேப்பாங்க?"

"அதை நீயே போய்க் கேளேன்."

"கேட்டா அதுக்கும் தா தாவுன்னுதானே சொல்லும்."

அவர் மறுபடி சிரித்தார். அந்த மாதம் முழுவதும் அவர்கள் பேசியதில் அதுதான் நீளமான பேச்சு. அவள் அதைப் பல நாள் மனசுக்குள் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டாள்.

அவர் இல்லாத வீட்டில் முதல் வாரம் எப்படியோ ஓடியது. ஒருநாள் அவள் அந்தப் பிரம்பு நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். யாரும் இல்லாத வீட்டில் திருட்டுத்தனமாக ஒரு காரியம் செய்வதுபோல இருந்தது. பக்கத்து ஜன்னல் வெளிச்சம் தண்ணீரில் சாய்வாக விழுந்திருந்தது. இவர் இதில் அப்படி என்னதான் பார்க்கிறார் என்று அவளும் பார்த்தாள்.

மீன்கள் கொஞ்ச நேரத்தில் அலுத்துவிட்டன. செடியைப் பார்த்தாள். கரும்பச்சையில் நீள நீளமாக நாக்குகள் போன்ற இலைகள். பூ இல்லை, மணம் இல்லை. எந்த ஓடைப் பாறையிலிருந்தோ அவர் பெயர்த்து வந்தது. இலைகளெல்லாம் ஒரு தடித்த தண்டிலிருந்து கிளம்பின. தண்டு என்றுகூடச் சொல்ல முடியாது. இஞ்சி விரல் போல ஒரு கிழங்கு, அம்மணமாகக் கல்லின் மேல் படுத்துக்கிடந்தது. அதிலிருந்து கறுப்பு மயிர் போன்ற வேர்கள் கல்லைப் பற்றிக்கொண்டிருந்தன.

அவளுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

உம்மா வீட்டுக் கிணற்றடியில் இஞ்சியும் மஞ்சளும் அவள் கையால் வளர்ந்தவை. கிழங்கு வெளியே தெரிந்தால் மண் அணைக்க வேண்டும். வெயில் பட்டால் பச்சையடித்துக் கெட்டுப்போகும். இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. மண்ணில் உட்கார்ந்தால் கை தானாக அணைக்கும். இங்கேயோ, பக்கத்திலேயே நல்ல மணல் கிடக்க, ஒரு கிழங்கு பிடி மண் இல்லாமல் வெறும் கல்லைக் கட்டிக்கொண்டு கிடந்தது. இத்தனை வருஷம் பார்த்தும் அவருக்கு இது தெரியவில்லையே என்று இரக்கமாக இருந்தது. கைலிக்கடைக்காரருக்குக் கிழங்கைப் பற்றி என்ன தெரியும்!

குனிந்து இலைகளின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். வயசான இலைகளின் அடியில் பழுப்புப் பொட்டுகள், வரிசை பிடித்து வைத்ததுபோல. பூச்சி முட்டை. சந்தேகமே இல்லை.

அவர் இன்னும் நாலைந்து நாளில் வந்துவிடுவார். வந்ததும் கைகால் கழுவிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். செடி புதுத் துளிரோடு தளதளவென்று நிற்கும். என்ன செய்தாய் என்று கேட்பார். அவள் வெற்றிலை மடித்துக்கொண்டே, "மண்ணு அணைச்சேன், வேற என்ன" என்று சாதாரணமாகச் சொல்லுவாள். இந்த வீட்டில் அவள் கை பட்டு ஒன்று நன்றாக ஆனது என்று இருக்கும். கப்பல் ஏஜெண்டின் ஆள் மறுபடி வரும்போது அவர் வேறு மாதிரி பதில் சொல்லலாம்.

கையை முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டாள். பொட்டு விழுந்த இலைகளையெல்லாம் கிள்ளி எடுத்தாள். வேர்கள் கல்லை விடவில்லை. விரல் நகத்தால் நெம்பி நெம்பிப் பிரித்தாள். மணலில் குழி பறித்து, கிழங்கை ஆழமாக வைத்து, சுற்றிலும் அணைத்து அழுத்தினாள். கல்லைத் தூக்கி ஒரு மூலையில் போட்டாள். தண்ணீர் தெளிந்தபோது மிச்ச இலைகள் மணலிலிருந்து நேராக, ஒழுங்காக எழுந்து நின்றன. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

நாலைந்து நாளில் அவர் வரவில்லை. சரக்கு இறங்கத் தாமதமாகிறது, வர இன்னும் பத்துப் பதினைந்து நாள் பிடிக்கும் என்று கடையிலிருந்து ஆள் வந்து சொல்லிப் போனான்.

முதலில் ஓர் இலையின் நுனி கறுத்தது. பழசு உதிர்ந்தால்தானே புதுசு வரும் என்று இருந்தாள். பிறகு இலைகள் வெந்த கீரை போல ஒளி ஊடுருவத் தொடங்கின. தொட்டால் விரலில் வழுவழுவென்று ஒட்டிக்கொண்டு வந்தன. மண் போதவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அணைத்தாள். அப்புறம் வாசம். காலையில் அறைக்குள் வந்தால் அழுகல் நெடி மூக்கில் ஏறியது. தண்ணீர் கலங்கி, மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒன்று செத்து மிதந்தது. மறுநாள் இரண்டு.

நஜ்முன்னிசா செத்த மீன்களைத் தேங்காய்ச் சிரட்டையில் எடுத்துப்போய்ப் பின்புறம் புதைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு அங்கேயே குந்திவிட்டாள். தானாக அழுகிவிட்டது என்று சொல்லலாம். அவர் நம்புவார். "சரி" என்பார். அவர் 'சரி' என்று சொல்லும் விதம் அவளுக்குத் தெரியும்; அதற்குப் பின்னால் கதவு சாத்திக்கொள்ளும். மூன்று வருஷமோ நான்கு வருஷமோ அவரோடு கூட இருந்தது இந்தச் செடி. அவளைவிட நெடுநாள் இருந்தது. அவர் ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுப் போனார், அதையும் அவள் கெடுத்துவிட்டாள். அவர் வருவதற்குள் ஏஜெண்டிடம் தானே போய், போகிறேன் என்று சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றியது. ஏஜெண்டின் கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது. அதை நினைத்துத்தான் அழுகை வந்தது.

வேலிக்கு அப்பால் வாளி கீழே வைக்கும் சத்தம் கேட்டது. சீதா எட்டிப் பார்த்தாள். "அப்பா ஜாடி?" என்றாள். என்ன ஆச்சு என்று கேட்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

நஜ்முன்னிசா தமிழிலேயே சொன்னாள். மலாய் தெரியாதது மட்டும் காரணம் அல்ல. புரியாத ஒருத்தியிடம் சொல்வது சுலபமாக இருந்தது. செடியைப் பற்றித் தொடங்கி, சட்டைக் காலரைப் பற்றிச் சொல்லி, கப்பலைப் பற்றிச் சொல்லி, மூக்கைச் சிந்திக்கொண்டாள். சீதா ஒரு வார்த்தையும் குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு கெபாயாச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, வேலியின் இடைவெளி வழியே புகுந்து நேராக வீட்டுக்குள் வந்துவிட்டாள்.

தொட்டியைப் பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "அடோய்!" என்றாள். மணலுக்குள் கைவிட்டு, கிழங்கைத் தோண்டி வெளியே எடுத்து, நஜ்முன்னிசாவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். ஒரு பக்கம் கறுத்துக் கூழாகியிருந்தது.

"மாத்தியா?" என்றாள் நஜ்முன்னிசா. செத்துவிட்டதா என்று கேட்கத் தெரிந்திருந்தது. மலாயில் அவளுக்குத் தெரிந்த பத்து வார்த்தைகளில் அது ஒன்று.

சீதா மறுமுனையை நகத்தால் கீறினாள். உள்ளே பச்சையாக, கெட்டியாக இருந்தது. "பெலும்" என்றாள். இன்னும் இல்லை.

நஜ்முன்னிசாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தன் வீட்டுப் பின்புறத்துக்குப் போனாள். கிணற்றுச் சுவரின் உள்பக்கத்தைக் காட்டினாள். செங்கல் இடுக்குகளில், ஒரு பிடி மண் இல்லாத இடத்தில், அதே மாதிரிக் கிழங்குகளும் வேர்களும் சுவரைப் பற்றிக்கொண்டு தொங்கின. வேறு இலை, வேறு சாதி. ஆனால் இருப்பு அதே இருப்பு. ஓர் இலையைத் திருப்பிக் காட்டினாள். அடியில் வரிசை வரிசையாகப் பழுப்புப் பொட்டுகள். "புக்கான் சாக்கிட்" என்று தலையை ஆட்டினாள். நோய் இல்லை. வயிற்றைத் தொட்டுக்காட்டி, கைக்குழந்தையை ஏந்துவதுபோல அபிநயம் பிடித்தாள். விதை. பூச்சி முட்டை என்று அவள் கிள்ளிப் போட்டதெல்லாம் செடியின் பிள்ளைகள்.

நஜ்முன்னிசா தலையில் கை வைத்துக்கொண்டாள். சீதா சத்தம் போட்டுச் சிரித்தாள். சிரிப்பில் இளக்காரம் இல்லை, ஆனால் இரக்கமும் இல்லை. அதனால் நஜ்முன்னிசாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டாள்.

அழுகிய பாதியைச் சீதா அரிவாள்மணையில் நறுக்கிப் போட்டாள். மிஞ்சியது சுண்டுவிரல் நீளம், இரண்டே இலை. மூலையில் கிடந்த கருங்கல்லை எடுத்துத் தேய்த்துக் கழுவி, அதன் மேல் வைத்து, கறுப்புத் தையல் நூலால் சுற்றிக் கட்டினாள். நூலை இறுக்கும்போது நஜ்முன்னிசாவின் விரலை முடிச்சில் வைத்து அழுத்தச் சொன்னாள். தொட்டித் தண்ணீரைப் பாதி இறைத்துவிட்டு, கிணற்றுத் தண்ணீரை நிழலில் வைத்து ஆறவிட்டு ஊற்றினார்கள். கிளம்பும்போது சீதா செடியைக் காட்டி, விரலை ஆட்டி, "பியார்" என்றாள். விடு, சும்மா விடு. போகிற போக்கில் நஜ்முன்னிசாவின் கன்னத்தில் ஈரக் கையால் தட்டிவிட்டுப் போனாள்.

அதற்கப்புறம் சும்மா இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. கை தொட்டிக்குப் போகும். முந்தானையில் முடிந்துகொள்ளாத குறையாக அதைப் பிடித்து இழுத்து வைப்பாள். இரண்டு இலையும் வளரவும் இல்லை, வாடவும் இல்லை. மிச்சமிருந்த மீன்கள் சாகவில்லை. அவ்வளவுதான்.

ஷரீஃபுதீன் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, கடையில் சரக்கை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தார். முகம் இளைத்திருந்தது. பெட்டியை வைத்தார். கைகால் கழுவினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் அடுப்படி வாசலில், கையில் கரண்டியோடு, அதை இறக்கி வைக்கத் தோன்றாமல் நின்றாள்.

அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

"யாரு கட்டினது?"

"பக்கத்து வீட்டு சீதா."

"ஏன், கழண்டுருச்சா?"

தானாகக் கழன்றது என்று சொல்ல அவரே வழி திறந்து கொடுத்ததுபோல இருந்தது. நஜ்முன்னிசா அதில் நுழையவில்லை. "நான்தான் பேத்தேன். மண்ணுல வச்சுப் புதைச்சேன். அழுகிப்போச்சு. மீனும் மூணு போச்சு."

"எதுக்குப் புதைச்ச?"

"கிழங்கு வெளிய தெரிஞ்சுச்சு. மண்ணே இல்லாம கிடந்துச்சு, பாவமா இருந்துச்சு." கொஞ்சம் நிறுத்தி, "நல்லா வளரும்னு நெனச்சேன். நீங்க வந்து பாத்தா..." என்றவள் அதை முடிக்கவில்லை.

அவர் கோபப்படவில்லை. கண்ணாடியில் விரலை வைத்து, அந்த இரண்டு இலைகளுக்கு நேரே ஒரு கோடு இழுத்தார். குரலில் அலுப்பு மட்டும் இருந்தது. "ஒண்ணும் பண்ணாதன்னுதானே சொல்லிட்டுப் போனேன். ஒண்ணும் பண்ணாம இருக்க உனக்குத் தெரியாதா புள்ள?"

"பன்னெண்டு வருஷம் இருந்தேனே மச்சான்."

அவள் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள். சொன்ன பிறகுதான் அது அறையில் எவ்வளவு இடம் எடுத்துக்கொண்டது என்று தெரிந்தது. கரண்டியிலிருந்து குழம்பு ஒரு சொட்டுத் தரையில் விழுந்தது. இருவரும் அந்தச் சொட்டைப் பார்த்தார்கள்.

ஷரீஃபுதீன் எழுந்திருக்கவில்லை. 'சரி' என்றும் சொல்லவில்லை. பார்வையைத் தொட்டியிலிருந்து எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாதவர்போலத் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். பக்கத்து வீட்டில் சீதா யாரையோ மலாயில் திட்டினாள். திட்டி முடித்து, பாத்திரம் தேய்த்து, அதுவும் ஓய்ந்தது.

"கப்பல் ஏஜெண்டு ஆள் நாளைக்குக் கடைக்கு வருவான்" என்றார் கடைசியில். "என்ன சொல்ல?"

"நீங்க என்ன சொல்லணும்னு நெனைக்கிறீங்க?"

"உனக்கு ஊரு பிடிச்சிருக்கான்னு..."

"ஊரை விடுங்க மச்சான்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். முந்தானையால் தரையைத் துடைத்தாள். துடைத்த இடத்திலேயே, அவர் காலுக்குக் கொஞ்சம் தள்ளி, உட்கார்ந்துகொண்டாள்.

"எனக்குத் தனியாவே இருந்து பழகிருச்சு நஜ்மு." அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அபூர்வம். "கூட ஒரு ஆள் இருந்தா எப்படி இருக்கணும்னு தெரியல. நீ வந்ததுலேருந்து, உன்னைய ஒரு வேலையும் சொல்லிக் கஷ்டப்படுத்தக் கூடாது, அதுதான் நான் உனக்குச் செய்ற மரியாதைன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

"கஷ்டப்படுத்துங்களேன்" என்றாள்.

அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து, நிலைக்காமல் போனது. "நீ போயிட்டா, நான் பழையபடி இருந்துக்குவேன். பொய் சொல்லக் கூடாது. இருந்துக்குவேன். ஆனா... நீ போக வேணாம்."

அவ்வளவுதான் சொன்னார். அவள் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை வந்துவிட்டது. ஆனால் நினைத்திருந்த சந்தோஷம் உடனே வரவில்லை. பயமாகத்தான் இருந்தது. எதிரில் உட்கார்ந்திருந்தவர் அவளுக்கு அனேகமாக அந்நியர். இந்த அந்நியரோடு இனிக் கப்பலும் இல்லாமல் எத்தனையோ வருஷங்கள். அவருக்கும் அதே பயம்தான் இருக்கிறது என்பதை, முழங்கால்மேல் அவர் விரல்கள் அசைந்துகொண்டிருந்ததில் பார்த்தாள்.

"அந்த ஆளு கடைக்கு வர்ற வரைக்கும் எதுக்கு இருக்கணும்?" என்றாள். "ஏஜெண்டு வீடு எங்க இருக்குன்னு காட்டுங்க. நானே வந்து சொல்றேன்."

"நீயா? எதுக்கு?"

"எந்தத் தெருன்னு தெரிஞ்சுக்கணும்."

அவருக்கு அது புரியவில்லை. ஆனால் மறுக்கவில்லை.

மறுநாள் காலை இருவரும் கிளம்பினார்கள். ஐந்து மாதத்தில் அவள் நகரத்துக்குள் நடந்து போவது அதுதான் முதல் தடவை. ஷரீஃபுதீன் பழக்கத்தில் சைக்கிளை எடுத்துவிட்டார். ஏறுவதா உருட்டுவதா என்று கொஞ்ச நேரம் தடுமாறி, உருட்டிக்கொண்டே நடந்தார். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவள் பின்னால் வந்தாள். வேலியோரம் நின்ற சீதா, "பெர்கி மானா?" என்று கூவினாள். எங்கே என்று கேட்கிறாள். நஜ்முன்னிசா கையைத் தூக்கி நகரத்துப் பக்கம் காட்டினாள்.

அவருடைய நடை வேகமான நடை. கடைக்குத் தாமதமாகிவிடும் என்று பயந்தே வளர்ந்த நடை. கொஞ்ச தூரத்தில் இருவருக்கும் நடுவே ஒரு மாட்டுவண்டி நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்தது. இன்னும் கொஞ்ச தூரத்தில் அவர் முதுகும் சைக்கிளின் பின்சக்கரமும் மட்டும், போகிற வருகிற ஆட்களுக்கிடையே விட்டு விட்டுத் தெரிந்தன. அவளுக்குக் கூப்பிட வேண்டும் போலிருந்தது. நடுத்தெருவில் என்ன சொல்லிக் கூப்பிடுவது? பேசாமல் நடந்தாள்.

தெங்கேராப் பக்கம் பிரியும் முக்கில், தெருவைக் கடக்க ஒரு காலை வைத்தவர் நின்றார். ஏதோ மறந்துபோய் வந்ததுபோலச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு திரும்பினார். கூட்டத்தில் தேடி, அவளைக் கண்டுபிடித்து, சைக்கிளை ஓரமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். பழக்கமில்லாத காரியம் என்பதால் எப்படி நிற்பது என்று தெரியாமல், ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றார்.

நஜ்முன்னிசா அவசரப்படவில்லை. தன் நடையிலேயே நடந்தாள்.